வண்டியை விற்பது பற்றி

பாளையங்கோட்டை

அன்பு மகன் கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். சென்னை ஐஐடியில் மேற்படிப்புக்குப் போகும் முன் வண்டியை விற்றுவிடலாமா என்று நேற்று இரவு தொலைபேசியில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ ஆசைப்பட்டு, உன் சொந்தச் சம்பளத்தில் வாங்கி, 36 மாதத் தவணையை ஒரு மாதமும் தவறாமல் கட்டி முடித்த புல்லட்டைப் பற்றி அரைகுறையாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஐஐடியில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு அப்பாவிடம் கை நீட்டக் கூடாது என்பதற்காக நீ அதை விற்க நினைத்தால், விற்க வேண்டாம். எனக்கு ஓய்வூதியம் வருகிறது. உனக்கும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். இரண்டையும் வைத்து இந்த இரண்டு ஆண்டுகளை நாம் கடந்துவிடலாம். நான்கு ஆண்டுகள் கோவையில் தொழிற்சாலையில் நின்று உழைத்த பிறகு மறுபடியும் படிக்கப் போகிறவன், பெற்றோருக்குப் பாரமாகிறோமோ என்ற எண்ணத்தோடு வகுப்பில் உட்காரக் கூடாது. பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வண்டியை மட்டும் கருத்தில் கொண்டு யோசிப்போம்.

அப்படி யோசித்தால், விற்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. சென்னை ஐஐடி வளாகம் 600 ஏக்கருக்கு மேல் பரந்த காடு. புள்ளிமானும் வெளிமானும் நடமாடும் அந்த இடத்தில் விடுதி மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, மிதிவண்டியும் வளாகப் பேருந்தும்தான். ஆகவே நீ அதைச் சென்னைக்குக் கொண்டுபோனாலும் வெளியே எங்காவது வாடகைக்கு இடம் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். இங்கே நம் வீட்டு முற்றத்தில் விடலாம் என்றாய். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் 195 கிலோ எடையுள்ள வண்டியை மையத் தாங்கியில் ஏற்றி இறக்க இந்த முழங்கால்களால் இனி முடியாது. வாரம் ஒருமுறை ஓட்டாமல் போட்டால் என்ன ஆகும் என்று தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டேன். இரண்டு மூன்று மாதத்தில் பேட்டரி இறங்கிவிடும். உன் வண்டிக்கு உதைத்துக் கிளப்பும் வசதியும் கிடையாது. எத்தனால் கலந்த பெட்ரோல் தொட்டியில் கிடந்தால் ஈரத்தை இழுத்து உட்புறம் துருப்பிடிக்கும். சங்கிலி இறுகும், டயர் ஒரே இடத்தில் அழுந்தி வெடிப்பு விடும், எலி ஒயரைக் கடிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். நீ துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்து கெடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அதை ஓட்டுகிற ஒருவரிடம் அது போய்ச் சேரட்டும்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால், புது வண்டியே இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அதனால் பழையதன் விலையும் சரிந்திருக்கும். நீ கொடுத்த தொகையை மனத்தில் வைத்து, வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பாதே. நன்றாக வைத்துக்கொள்வார் என்று தோன்றுகிறவர் ஐயாயிரம் குறைத்துக் கேட்டாலும் அவருக்கே கொடு.

ஆனால் எப்படி விற்கிறாய் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. இதை நான் இதுவரை உன்னிடம் முழுமையாகச் சொன்னதில்லை. 1999இல் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்கு எம்.எட். படிக்கப் போனபோது, என்னிடமிருந்த ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிளை ஒரு தரகர் மூலமாக விற்றேன். அவர் நீட்டிய படிவங்களில் வாங்குபவர் பெயரைக்கூட நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். அந்த வண்டி யார் யார் கைக்கெல்லாம் போனதோ, ஆர்சி என்னும் பதிவுப் புத்தகத்தில் மட்டும் என் பெயர் அப்படியே இருந்தது. உனக்கு இரண்டு வயதாகும்போது தூத்துக்குடி நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது: என் பெயரிலுள்ள வண்டி மோதி ஒரு முதியவருக்குக் கால் முறிந்திருந்தது, காப்பீடும் அப்போது நடப்பில் இல்லை. தரகரைத் தேடிப் போனால் கடையே இல்லை. இரண்டு ஆண்டுகள் விடுப்புப் போட்டுவிட்டுப் பேருந்தில் அலைந்தேன். கடைசியில் 40,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்தோம். அம்மாவின் வளையல்கள் போனது அப்போதுதான். அந்த முதியவர் ஊன்றுகோலோடு நீதிமன்றத் திண்ணையில் உட்கார்ந்திருந்த கோலம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நான் ஓட்டவில்லை என்பது அவருக்கு என்ன ஆறுதல்?

பதிவில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்துக்கான இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே முதலில் கடன் கொடுத்த வங்கியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35ஐக் கொடுத்து, ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை நீக்கு. கடன் தீர்ந்து பல மாதங்களாகியும் நீ அதைச் செய்யவில்லை என்று நேற்றுதான் தெரிந்தது. பிறகு 29, 30 ஆகிய படிவங்களை ஒரு கட்டமும் விடாமல் நிரப்பி, வாங்குபவரோடு சேர்ந்தே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் செய். விற்ற 14 நாட்களுக்குள் விற்றவரும் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்குபவர் பெயரில் ஆர்சி வந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை விற்பனை முடிந்ததாக எண்ணாதே. காப்பீட்டையும் அவர் பெயருக்கு மாற்றச் சொல். நீ ஒருமுறைகூட இழப்பீடு கேட்காததால் காப்பீட்டுக் கட்டணத்தில் சேர்ந்திருக்கும் தள்ளுபடி உன்னுடையதுதான், வண்டியோடு போய்விடாது. காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்குச் சான்று வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் அடுத்த வண்டி வாங்கும்போது பயன்படும். உன் படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள்தானே!

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் என்னைப் பின்னால் உட்காரவைத்து நீ ஓட்டிப்போனாயே, அந்த நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் ஒலியெழுப்பி, மேலேறும் பேருந்துக்கு ஒதுங்கி வழிவிட்டு, ஒன்பதாவது வளைவில் நிறுத்தி நீர்த்தேக்கத்தைக் காட்டினாய். நீ பொறுப்பறிந்த மனிதனாகிவிட்டாய் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அதை உன்னிடம் சொல்ல அப்போது வாய் வரவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

ஆள் அமைந்ததும் தகவல் சொல். இரவு ரயிலில் கோவைக்கு வந்துவிடுகிறேன்; கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். போன தீபாவளிக்கு வந்தபோது இரண்டாவது சாவியை இங்கே அலமாரியில் விட்டுவிட்டுப் போனாய். வரும்போது அதையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா