பிழைத்தது பழைய பாக்டீரியாதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயற்கைப் புரதம் பற்றிய உங்கள் செய்திக்கு ‘ஆய்வகத்தில் உயிர் உருவானது’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். உருவானது புரதம் மட்டுமே. அது வேலை செய்த இடம், நமக்கெல்லாம் தெரிந்த ஈ.கோலை பாக்டீரியா. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹெக்ட் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. நீரை நாடும் அமினோ அமிலங்கள் வெளியே, நீரை விலக்குபவை உள்ளே என்ற கணக்கில், 102 அமினோ அமிலங்கள் நீளமுள்ள புரதங்களை லட்சக்கணக்கில் உண்டாக்கினார்கள். அவசியமான ஒரு மரபணு நீக்கப்பட்ட பாக்டீரியாக்களில் அவற்றைச் சோதித்தபோது, நான்கு வகை மரபணுக் குறைபாடுகளில் செல்லைப் பிழைக்க வைக்கும் புரதங்கள் கிடைத்தன.

செல் பிழைத்துவிட்டதாலேயே, இல்லாமற்போன நொதியின் வேலையைப் புதுப் புரதம் செய்தது என்று சொல்லிவிட முடியாது. செரின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் செர்பி நொதி இல்லாத செல்லில், புதுப் புரதம் ஹிஸ்பி என்ற வேறொரு நொதியின் உற்பத்தியைக் கூட்டியது. செர்பியின் வேலையை அந்த ஹிஸ்பிதான் கொஞ்சம் பார்த்தது. இது 2016இல் தெரிந்தது.

அந்த நான்கில் ஒன்றான இரும்பு விஷயம் வேறு. நெல் விதையில் கிலோவுக்கு 10 கிராம் கலக்கிறோமே, அந்தச் சூடோமோனாஸ் பாக்டீரியா இரும்பைப் பற்றும் பொருளைச் சுரக்கிறது. ஈ.கோலை சுரப்பது என்டரோபாக்டின். இரும்போடு செல்லுக்குள் திரும்பும் அதைப் பெஸ் நொதி உடைத்தால்தான் இரும்பு கிடைக்கும். பெஸ் இல்லாத செல்லில் சின்-எஃப்4 என்ற செயற்கைப் புரதமே அதை உடைக்கிறது என்று 2018இல் காட்டினார்கள். இயற்கை நொதியைவிட மிக மெதுவாகத்தான். ஆனாலும் தலைப்புச் செய்திக்குத் தகுதியானது இதுதான்.

இதைச் செயல்திட்டமாக எடுக்க நினைக்கும் கும்பகோணம், தஞ்சை மாணவர்களுக்கு: இதில் பொய் வெற்றி சுலபம். சத்தான எல்பி திரவத்தில் வளர்த்த செல்களைக் கழுவாமல், அமினோ அமிலம் இல்லாத எம்9 ஊடகத் தட்டில் பூசினால், ஒட்டிவந்த அமினோ அமிலத்திலேயே கொஞ்சம் வளரும். எம்9 உப்புக் கரைசலில் இரண்டு மூன்று முறை சுழற்றிக் கழுவுங்கள். பெஸ் சோதனையில் ஊடகத்தில் இரும்பு கூடினாலும் முடிவு கெடும். புதுப் புரதத்தின் மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்வது பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையம். வெற்றுப் பிளாஸ்மிட் ஏற்றிய செல்கள், இயற்கை மரபணு ஏற்றிய செல்கள் இரண்டையும் பக்கத்திலேயே வளர்த்து ஒப்பிடுங்கள். மீட்கப்பட்ட செல்கள் நிதானமாகத்தான் வளரும். மறுநாளே தட்டை வீசிவிட வேண்டாம். கடைசியாக, வளர்ந்த திரளிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்து, அதே மரபணு நீக்கப்பட்ட புதிய செல்லில் ஏற்றுங்கள். அங்கே வளராவிட்டால், முதல் செல்லைக் காப்பாற்றியது அதன் சொந்த மரபணுவில் நேர்ந்த மாற்றமாக இருக்கலாம்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்கள்,
மன்னார்குடி