விரல் தப்புமா என்று பார்க்க ஒரு கமெரா: உங்கள் பங்கும் வேண்டும்

ஸ்காபரோ வாழ் உறவுகளுக்கு வணக்கம்.

போன மாசியில், எங்கள் செயலாளரின் மருமகன், சாப்பாடு டெலிவரி செய்கிற பெடியன், மைனஸ் 20 குளிரில் நனைந்த கையுறையோடு இரவிரவாக ஓடியிருக்கிறான். வீட்டுக்கு வந்தபோது வலக்கையில் நான்கு விரல்கள் மெழுகுதிரி மாதிரி வெளிறிப்போய், தட்டினால் மரக்கட்டைச் சத்தம். "எவ்வளவு மிஞ்சும், டொக்டர்?" என்று தாய் கேட்டதற்கு, "பொறுத்துப் பார்ப்போம்" என்றார்கள். ஏழு கிழமை பொறுத்தோம். விரல் கறுத்துக் காய்ந்த பிறகுதான் எல்லை தெரிந்தது. இரண்டு விரல் நுனிகள் போயின.

இப்படிக் குளிரில் விரல் உறைந்துபோவதைத்தான் பனிக்கடி என்கிறார்கள். அதில் அசல் வில்லங்கம் விரலைச் சூடாக்கிய பிறகுதான் தொடங்குகிறது. காயப்பட்ட நுண்குழாய்களில் இரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். அதைக் கரைக்கும் மருந்தை 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். குழாயை விரிக்கும் இலோப்ரோஸ்ட் என்றால் 72 மணி நேரம் வரை பார்க்கலாம். கனடாவின் வடகோடியில், யூக்கோனின் வைட்ஹோர்ஸில் அதைக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கா 2024இல்தான் அனுமதித்தது. ஆனால் கரைக்கும் மருந்து வேறெங்காவது இரத்தம் கசிய வைக்கலாம். எந்த விரலில் ஓட்டம் நின்றது என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது?

அதற்குத்தான் இந்தக் கமெரா. கையில் ஊசியால் ஒரு பச்சைச் சாயம் ஏற்றுவார்கள். அகச்சிவப்பு ஒளியில் இரத்தம் ஓடும் இடம் திரையில் மினுங்கும், ஓடாத இடம் இருட்டாகவே கிடக்கும். சில நிமிட வேலை, கட்டிலருகிலேயே செய்யலாம். தோலுக்குக் கீழே சில மில்லிமீற்றர்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எலும்பு வரை பார்க்க, டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் ஸ்கான்தான் வேண்டும். ஆனால் அந்தப் பொருள் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆளும் தனிப் பிரிவும் தேவை. நடுச்சாமத்தில் அது எங்கே கிடைக்கும்?

வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கு ஒன்று வாங்க, எங்கள் பங்காக 40,000 டொலர் சேர்க்க ஏற்றுக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு 50 டொலர் கேட்கிறோம். காசு சேர்ப்பு என்றாலே எங்கட சனத்துக்கு ஒரு யோசனை வரும், அதில் பிழையில்லை. அதனால் காசோலையை எங்கள் பெயருக்கு எழுத வேண்டாம். வைத்தியசாலை அறக்கட்டளைக்கே எழுதுங்கள், வரிப் பற்றுச்சீட்டும் அங்கிருந்தே வரும்.

பொங்கல் ஒன்றுகூடலில் வாசலருகே மேசை போட்டிருப்போம். பெயர் பதியப்போவது அந்தப் பெடியன்தான். பேனையைப் பிடிக்க அவனுக்குக் கொஞ்சம் நேரமெடுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வண்ணம்,
நிதி சேகரிப்புக் குழு