ராஜ்மாவை லேசாக வேகவைத்தால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில் வந்த பயறு, தானிய சாலட் குறிப்பைப் படித்தேன். இப்படிப்பட்ட உணவு நம் வீடுகளுக்குள் வர வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிவரும் மனையியல் ஆசிரியை நான். அதனால் குறிப்பைப் பார்த்ததும் மகிழ்ச்சிதான். ஆனால் ராஜ்மாவை ஊறவைத்து லேசாக வேகவைத்துக் கலக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த நச்சுப்புரதம் இருக்கிறது. சரியாக வேகாத ராஜ்மா நாலைந்து வயிற்றுக்குள் போனாலே, மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் ஆளைப் புரட்டிவிடும். குறைந்த சூட்டில் அரைவேக்காடாக நின்றுபோன ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட மோசமானதாகவும் ஆகலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. பிரஷர் குக்கரில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவதால், நன்றாக விசில் விட்டு மசிய வேகவைப்பவர்கள் பயப்பட வேண்டாம். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கிற, இப்போது ஆன்லைனில் வாங்குகிற ஸ்லோ குக்கரில் மட்டும் ராஜ்மாவை நேரே போட்டு வேகவைக்கக் கூடாது.

எந்தப் பயறானாலும் விசிலை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். தோல் உருண்டையாக நிற்க, உள்ளே மாவாக நசுங்க வேண்டும். நடுவில் வெள்ளையாக ஒரு கெட்டிப் புள்ளி தெரிந்தால் இன்னும் இரண்டு விசில். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கொண்டைக்கடலை எவ்வளவு வைத்தாலும் வேகவில்லை என்பார்கள். தண்ணீரில் இருக்கும் கால்சியம் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் குடிக்கிற தண்ணீரையே எடுத்தால் வெந்துவிடும். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் மசியும், ஆனால் பி1 வைட்டமின் போய்விடும். எனக்கு அது பிடிக்காது. எலுமிச்சை, தக்காளி, மாங்காய் எல்லாம் பயறு வெந்த பிறகுதான். புளிப்பு முந்தினால் பயறு கல்லாக நிற்கும்.

தானியத்துக்குக் கினோவா என்று எழுதியிருந்தீர்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்த நல்ல உணவு அது, கிடைப்பவர்கள் சாப்பிடட்டும். ஐ.நா. சபை 2013ஆம் ஆண்டைக் கினோவாவுக்கு ஒதுக்கியது போலவே, இந்தியா முன்மொழிந்ததன் பேரில் 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சாமை, தினை, வரகு, குதிரைவாலி இவற்றில் ஒன்றையாவது குறிப்பில் சேர்த்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் சாமை இன்னும் விளைகிறது. கடையில் வாங்கும்போது வெள்ளை வெளேரென்று பளபளப்பதை விட்டுவிட்டு, கொஞ்சம் மங்கலாக, தவிட்டு நிறம் ஒட்டியிருப்பதை எடுங்கள்.

சாமை போட்டு இந்தச் சாலட்டைச் செய்ய, நான்கு பேருக்கு அரை டம்ளர் தட்டைப்பயறும் அரை டம்ளர் சாமையும் போதும். தட்டைப்பயறு ஆறு மணி நேரம் ஊறினால் இரண்டு மூன்று விசிலில் பதமாக இருக்கும். சாமையை வாசம் வர வறுத்து, கழுவி, அதைப்போல் இரண்டு பங்கு தண்ணீரில் வேகவைத்து, இறக்கியதும் அகலமான தாம்பாளத்தில் பரப்பிவிட வேண்டும். இந்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாத்திரத்திலேயே மூடி வைத்தால் தன் ஆவியிலேயே குழைந்து பொங்கலாகிவிடும். பரப்பினால் பொலபொலவென்று உதிரும். இரண்டும் ஆறியபின் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கேரட், கிளிமூக்கு மாங்காய், கொத்தமல்லி, ஒன்றிரண்டாக உடைத்த வறுத்த வேர்க்கடலை. மேலே ஒரு ஸ்பூன் செக்கு நல்லெண்ணெய், இடித்த மிளகு சீரகம், எலுமிச்சைச் சாறு. வெள்ளரிக்காயும் உப்பும் சாப்பிட உட்காரும்போதுதான் சேர வேண்டும், இல்லாவிட்டால் நீர் விட்டுவிடும்.

எலுமிச்சையை ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. பயறில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி உதவுகிறது. சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அந்தப் பலன் குறைந்துபோகும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் தானியத்தில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய. பயறில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இட்லிக்கு அரிசியோடு உளுந்து சேர்வதிலும் இதே பொருத்தம்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: சிறுதானியமும் மாவுச்சத்துதான், அளவு வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயறைக் கூட்ட வேண்டாம்.

முளைகட்டிய பச்சைப்பயறைப் பச்சையாகவே தூவச் சொல்லியிருந்தீர்கள். முளைகட்ட வைக்கிற ஈரமும் கதகதப்பும் கிருமிகளுக்கும் பிடித்தமானவை. கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், வயதானவர்கள் உள்ள வீட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துக் கொடுப்பதே நல்லது. அதேபோல் வேகவைத்த தானியத்தை நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் முடித்துவிட வேண்டும். காலையில் கட்டி மதியம் சாப்பிடும் டப்பாவுக்கு, அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் ஒழிய, நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இனி வரும் குறிப்புகளில் ஊறவைக்கும் நேரமும் வேகும் பதமும் தனியாக அச்சிடுங்கள். ராஜ்மா பற்றிய திருத்தத்தை மட்டும் அடுத்த இதழிலேயே, அதே சமையல் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். விடுமுறை தொடங்கிவிட்டது, பத்திரிகையைப் பார்த்துத் தாங்களே செய்து பார்க்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
கும்பகோணம்.