மகளுக்கு ஏபிசி கிடைத்திருக்கிறது, அக்கா

அன்புள்ள அக்கா,

உங்கள் மகள் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் எங்கள் பழைய வார்டு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. பக்கத்தில் நீங்கள், அரக்குச் சேலையில். அனுப்பியது யார் என்று சொல்ல மாட்டேன், பாவம், உங்களிடம் திட்டு வாங்குவார். கீழே வரிசையாகத் ‘தஹ்னியா’, கைதட்டல், கேக் படம். நானும் ‘வாழ்த்துகள்’ என்று தட்டினேன், அனுப்பவில்லை. நீங்கள் இல்லாத குழுவில் உங்களை வாழ்த்தி என்ன பயன்? அப்படியானால் ஊரே படிக்கிற இடத்தில் எழுதுவது மட்டும் என்னவாம் என்று கேட்பீர்கள். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. நான் எழுதுவதை மகள் படிக்கிறாள் என்று தெரியும். அவள் வழியாகத்தான் வர முடிகிறது.

பலர் படிப்பதால் சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறேன். நான் சிஸ்டராக, அதாவது வார்டுப் பொறுப்பு நர்சாக இருந்ததும், நீங்கள் அட்டெண்டனாக, அதாவது வார்டு உதவியாளராக இருந்ததும் எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எந்த வருடம் என்பது உங்களுக்குத் தெரியும், அது போதும். உங்கள் வேலைக்கு நான் போட்ட மதிப்பெண்ணையும் எழுத மாட்டேன். அது ரகசியப் படிவம். பென்ஷன் வாங்குகிறவளுக்கு அதை மீறுகிற தைரியம் இன்னும் வரவில்லை.

மற்றவர்களுக்காக ஒரு பத்தி, நீங்கள் தாண்டிப் போகலாம். ஏபிசி என்றால் அனுகெரா பெர்கிட்மாத்தான் செமெர்லாங். மலேசியாவில் நன்றாக உழைத்த அரசாங்க ஊழியர்களுக்கு வருடாவருடம் கொடுப்பது. ஒரு சான்றிதழ், 1,000 வெள்ளி (ரிங்கிட்). ஊழியர்களில் 8 விழுக்காட்டினருக்குத்தான் இடம். என் காலத்தில் வருடக் கடைசியில் எல்லாருக்கும் எல்என்பிடி என்ற வேலை மதிப்பீட்டுப் படிவம் எழுதுவோம். ஒவ்வொரு தலைப்புக்கும் 1 முதல் 10 வரை எண் போட வேண்டும். நேர் மேலதிகாரி ஒரு முறை போடுவார், அவருக்கு மேலே உள்ளவர் இன்னொரு முறை, இரண்டின் சராசரி கடைசி மதிப்பெண். செய்த வேலைக்குப் பாதி, அறிவுக்கும் திறமைக்கும் கால் பங்கு, குணத்துக்கு 20, வேலைக்கு வெளியே செய்த சேவைக்கு 5. கூட்டுத்தொகை 85-க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. மேலே இருந்தாலும் பேனல் உட்கார்ந்து பெயர்களைக் குறைக்கும்.

அந்த 5 மதிப்பெண் பகுதியை நீங்கள் காலியாக விட்டுக் கொடுத்தீர்கள். மற்றவர்கள் கோத்தோங்-ரோயோங் என்கிற கூட்டுத் துப்புரவுப் பணி, விளையாட்டுப் போட்டி, சூராவ் (முஸ்லிம் தொழுகைக்கூடம்) குழு, கோயில் குழு என்று நிரப்பியிருந்தார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் வெயிலில் நின்று மோர் ஊற்றுகிறவர் நீங்கள். கேட்டால், "அது சாமிக்குச் செய்யறது, கவர்மெண்டுக்கு எதுக்குக் காட்டணும்" என்றீர்கள். சரி, உங்கள் மனசு அப்படி. ஆனால் காலியிடத்துக்கு நான் எப்படி எண் போடுவது? நீங்கள் சொல்லச் சொல்ல நானே எழுதியிருக்கலாம் என்பீர்கள். டிசம்பர் மாதத்தில் ஒரு சிஸ்டரின் மேசையில் எத்தனை படிவம் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் பெயர் இல்லாத அந்த வருட ஏபிசி பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று நீங்கள் மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள், பலகைக்கு முன்னால் நின்றீர்கள். கவுண்டரில் மருந்துக் கணக்கு எழுதுகிற மாதிரி நான் குனிந்துகொண்டேன். நீங்கள் படித்து முடித்துவிட்டு வண்டியைச் சுவரோரம் ஒதுக்கினீர்கள். அதன் பிரேக்கைக் காலால் அழுத்திவிட்டு என்னிடம் வந்து, "சிஸ்டர், பெட் பதினாலு ஆ பெக்குக்குக் கஞ்சி ஆறிப்போச்சு. சூடு பண்ணிட்டு வரவா?" என்று கேட்டீர்கள்.

நான் "ம்" என்றேன். வேறென்ன சொல்வது?

அது குத்தலா, இல்லை வெறும் கஞ்சியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குத்தல் என்று முடிவு செய்தால் உங்கள் மேல் கோபம் வருகிறது. வெறும் கஞ்சி என்றால் அதைவிட மோசமாக இருக்கிறது. அந்த ஆ பெக், சீனத் தாத்தா, எங்கள் நர்சுகள் ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வார். மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போயிருந்தார். நீங்கள் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, துண்டை அவர் நெஞ்சில் விரித்து, "ஆ பெக், சியாக் மோய்" (கஞ்சி சாப்பிடுங்க) என்று உங்கள் புக்கிட் மெர்தாஜாம் ஊர் ஹொக்கியன் சீனத்தில் தொடங்கினீர்கள். அவர் ஏதோ வைதார். நீங்களும் பதிலுக்கு வைதீர்கள். அவர் சிரித்துவிட்டார். பல் இல்லாத வாய் திறந்த நேரம் பார்த்து ஒரு கரண்டி உள்ளே போனது. முழுக் கிண்ணத்தையும் காலி செய்ய வைத்தீர்கள். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரத் தாத்தா, "எனக்கும் அவளையே ஊட்டச் சொல்லு" என்று அடம் பிடித்தார். குழாய் போடவில்லை.

நீங்கள் கிண்ணத்தைக் கழுவப் போனீர்கள். நோயாளி உட்கொண்டதையும் வெளியேற்றியதையும் குறிக்கிற இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் கஞ்சியின் அளவு, நேரம், ஒரு கையெழுத்து. கையெழுத்து அந்தக் கட்டிலைப் பார்த்த நர்சுடையது. அட்டெண்டன் அதில் கையெழுத்துப் போடுவதில்லை, விதி அப்படி, விதியில் தப்பும் இல்லை. மருத்துவப் பொறுப்பு நர்சுக்குத்தான். ஆனால் மதிப்பெண் போட உட்காரும்போது என் கையில் இருந்தது காகிதம்தான் அக்கா. உங்கள் கை பட்ட எல்லாமே யாரோ ஒருவரின் கையெழுத்தோடு என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த வருடப் பட்டியலில் இருந்த பெண் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவள் நல்ல நர்ஸ், அதில் மாற்றுக் கருத்து எனக்கு இல்லை. பதவி உயர்வு நேர்காணலுக்குப் போக வேண்டியவள், ஏபிசி அங்கே கணக்கில் வரும். அவளுக்கு இன்னும் இருபது வருடச் சர்வீஸ் இருந்தது. நீங்களோ முடிக்கிற கட்டத்தில் இருந்தீர்கள். நான் தனியாக முடிவு செய்ததும் இல்லை. எனக்கு மேலே ஒருவர் இருந்தார், அவருக்கு மேலே பேனல் இருந்தது. இந்த வருடம் யாருடைய முறை என்ற பேச்சும் இருந்தது. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன்.

என் வீட்டு ஹாலில் தொங்குகிற ஏபிசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது நம் வார்டில் ஒரு வருடம் முழுக்கப் படுக்கைப் புண் குறைவாக இருந்ததற்காகக் கிடைத்தது. படுக்கைப் புண் எத்தனை பேருக்கு வருகிறது என்பதை நர்சிங் தரத்தின் அளவுகோலாகவே வைத்திருக்கிறார்கள். எழுந்திருக்க முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு நான் அட்டவணை போட்டேன், ஒவ்வொரு ஷிஃப்டிலும் விடாமல் சரிபார்த்தேன், புரட்டாதவர்களிடம் சண்டை போட்டேன். அதற்குக் கிடைத்த பரிசு அது, எனக்கு உரியதுதான் என்று இன்னமும் சொல்வேன். எண்பது கிலோ ஆளை விடியற்காலை நாலு மணிக்குப் புரட்டியது யாருடைய முதுகு என்பதற்குச் சான்றிதழில் இடமில்லை. ஓய்வுக்குப் பிறகு உங்களுக்கு இடுப்பு வலி வந்தது என்று கேள்விப்பட்டேன். சிகிச்சைக்கு இங்கேதான் வருகிறீர்களாமே, ஸ்பெஷலிஸ்ட் வரிசையில் உட்கார்ந்து. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கூட வந்திருப்பேன். சொல்ல மாட்டீர்கள். அந்தப் பிடிவாதம்தான் எனக்கு உங்களிடம் பிடிக்காதது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நீங்களாவது பட்டியலில் வரக்கூடிய இடத்தில் இருந்தீர்கள். 1996-இல் அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, குப்பை எல்லாவற்றையும் தனியாருக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள். நம்மோடு தேநீர் குடித்த பெண்கள் அதற்குப் பிறகு கம்பெனி ஆட்களாகிவிட்டார்கள். அதே தரையைத்தான் துடைத்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் தமிழ்ப் பெண்கள். அந்த 8 விழுக்காட்டைக் கணக்குப் போடும்போது தலையெண்ணிக்கையில்கூட அவர்கள் வர மாட்டார்கள். வாந்தியை யார் துடைத்தது என்று நான் யாருக்கு மதிப்பெண் போடுவது? இதை எழுதும்போதே, உங்களைச் சமாதானப்படுத்த இன்னொருத்தியின் குறையைக் காட்டுகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

மன்னிச்சிடுங்க என்று எழுதினால் இந்தக் கடிதம் சுலபமாக முடிந்துவிடும். எதற்காக என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் நேரான பதில் இல்லை. மதிப்பெண்ணுக்காக என்றால், இன்று அதே படிவத்தைக் கொடுத்தாலும் எனக்குத் தெரிந்த விதிப்படி கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் போடுவேன். குனிந்துகொண்டதற்காக என்றால், ஆமாம், அதற்குக் கேட்கிறேன். உங்களைக் கூப்பிட்டு, "இந்த வருடம் உங்கள் பெயர் வரவில்லை, காரணம் இது" என்று நேராகச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மதிப்பெண் போடுகிறவர் அதைப் பற்றிப் பேசவும் வேண்டும் என்றுதான் எங்களுக்கு வகுப்பெடுத்தார்கள். ஆனால் நீங்களும் கேட்டிருக்கலாம். யூனியன் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவர் நீங்கள். எனக்கு முன்னால் மட்டும் ஏன் கஞ்சியைப் பற்றிக் கேட்டீர்கள்?

உங்கள் ‘ஜாசாமு டிகெனாங்’ (ஓய்வு பெறுகிறவர்களை வழியனுப்பும்) விழாவுக்கு நான் வராததை மகள் குறையாகச் சொன்னாளாம். அன்று எனக்கு மீட்டிங். மீட்டிங் இருந்தது உண்மை, போகாமல் இருந்திருக்கலாம் என்பதும் உண்மை. உங்களுக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரமும் பழக்கூடையும் என் பட்ஜெட்டில்தான் வாங்கியது. அதை நான் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

இப்போது மகள் விஷயம். அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பயிற்சி நர்சாக நம் வார்டுக்கு வந்தபோது ஊசி போடக் கை நடுங்கிய பிள்ளை. ஆனால் அவள் வார்டிலும் ஒரு அட்டெண்டன் அக்கா இருப்பார், ஒரு அண்ணன் இருப்பார். இன்னும் சில வருடத்தில் அவள் சிஸ்டர் ஆவாள், டிசம்பரில் அவள் மேசைக்கும் படிவம் வரும். காலியாக விட்ட பகுதியைப் பார்த்தால் அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கேட்டு எழுதச் சொல்லுங்கள். யார் புரட்டினார், யார் ஊட்டினார் என்று ஒரு சின்ன நோட்டில் மாதாமாதம் குறித்து வைக்கட்டும், பேனலில் பேச அதுதான் உதவும். நான் சொன்னால், ஓய்வு பெற்ற கிழவி பாடம் நடத்துகிறாள் என்பாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

வருகிற ஞாயிறு காலை பினாங்குத் தீவிலிருந்து ஃபெரியில் பட்டர்வொர்த் வருகிறேன். திரும்பும்போதுதான் டிக்கெட், அந்தக் காசையும் நீங்கள் கொடுக்க வேண்டாம். பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இருக்க இஷ்டமில்லை என்றால் மகளிடம் ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள், புரிந்துகொள்வேன். சாப்பாட்டுக்கு நிற்க மாட்டேன், ஒரு மணிக்கு இவருக்கு மருந்து கொடுக்க வேண்டும். வரும்போது இடுப்புக்குப் போடுகிற பெல்ட் ஒன்று வாங்கி வருகிறேன், உங்கள் அளவை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.