வீமனுக்கு நீ அனுப்பிய துளிகள்

கொக்குவில்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் இப்போது பரவாயில்லை. நேற்று நீ தொலைபேசியில் கலங்கிக் கலங்கிச் சொன்னபோது எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இரவிரவாக இதை எழுதி, படமெடுத்து உடனே உனக்கு அனுப்பும்படி அயல்வீட்டுப் பையனிடம் கொடுக்கிறேன்.

மற்றதை வாசிக்க முன்னம் ஒன்றைச் செய். ரொறன்ரோவில் புது வீட்டுக்குக் குடிபோன நாள்முதல் உன் கடுவன் பூனை மணல் தட்டை விட்டு மெத்தையிலும் குளியலறை மூலையிலும் சிறுநீர் கழிக்கிறது என்றாய். வீடு மாறிய ஏக்கம்தான் காரணமென்று நீயே முடிவுசெய்து, அதற்கென்று சொல்லப்படும் வோல்நட் என்ற மலர் மருந்தை வாங்கப்போவதாகவும் சொன்னாய். மருந்தை வாங்க முன்னம் அவனை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சிறுநீரைப் பரிசோதிக்கச் செய். கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிக ஒடுங்கியது. பளிங்குத் துகளோ சளியோ அதை அடைத்துவிட்டால், ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். அவன் குந்தியிருந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், நேரம் நள்ளிரவானாலும் காத்திருக்கக் கூடாது.

"வீமனுக்கு மலர் மருந்து வேலைசெய்ததுதானே அப்பா" என்று நீ கேட்டாய். நம் நாய் வீமனுக்கு நடந்ததை நான் உனக்கு முழுமையாகச் சொல்லாமல் விட்டது என் பிழை.

போன வருடம் அம்மன் கோயில் பூங்காவனத் திருவிழாவன்று வாணவேடிக்கை தொடங்கியதும் அவன் குசினிக்குள் ஓடி, உரலுக்கும் சுவருக்கும் இடையில் உடலைச் செருகிக்கொண்டான். காதுகள் பின்னால் ஒட்டிக்கிடந்தன. வாயிலிருந்து வடிந்த நீர் சீமெந்துத் தரையில் தேங்கிநின்றது. ஒவ்வொரு வெடிக்கும் அவனுடைய நகங்கள் தரையைப் பிறாண்டின. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அப்போதிருந்த நாயின் கட்டை அவிழ்த்துப் படலையடியில் விட்டுவிட்டுப் போனவன் நான். மறுவருடம் திரும்பி வந்தபோது அது இல்லை. அதனால்தான் வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் ஒரு சீவனை என்னால் சும்மா பார்த்திருக்க முடிவதில்லை. நீ அனுப்பிய போத்தல் வந்த அன்று எனக்கு உண்மையாகவே ஆறுதலாக இருந்தது.

அது ஐந்து பூக்கள் சேர்ந்த ரெஸ்கியூ ரெமடி. ரொக் ரோஸ், இம்பேஷன்ஸ், கிளெமற்றிஸ், ஸ்ரார் ஒஃப் பெத்லஹேம், செரி பிளம் என்பவை அதில் உண்டு. இந்த முறையை வகுத்த எட்வேர்ட் பாச் 1886 இல் பிறந்து 1936 இல் காலமான ஆங்கிலேய வைத்தியர், பக்ரீரியாவியல் படித்தவர். ஒவ்வொரு மனநிலைக்கும் ஒன்றென 38 மருந்துகளை அவர் வகுத்தார். சில பூக்களை ஊற்றுநீரில் மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார்கள். மற்றவற்றை அரை மணி நேரம் அவிப்பார்கள். பிறகு அந்த நீருடன் சம அளவு பிரண்டி சேர்ப்பார்கள். அதுதான் மூலக் கரைசல்.

32 வருடம் மருந்துக் கலவையாளராக இருந்தவன் என்பதால் அளவைக் கணக்குப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. உன் வோல்நட்டையே எடுத்துக்கொள். அந்த மூலக் கரைசலில் இரண்டு துளியை 30 மில்லிலீற்றர் பிரண்டியில் விடுகிறார்கள். அதிலிருந்து இரண்டு துளியை மீண்டும் 30 மில்லிலீற்றர் நீரில் விட்டுத்தான் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளியென்று வைத்துக்கொண்டால், பூ அவித்த நீர் கடைசியில் 1,80,000 இல் ஒரு பங்கே இருக்கும். மனிதரில் நடத்திய ஒப்பீட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் மருந்துப்போலியைவிட, அதாவது மருந்தே இல்லாமல் மருந்துபோலக் கொடுப்பதைவிட, மேலான பயன் எதையும் காணவில்லை.

அப்படியானால் வீமன் எப்படித் தேறினான்? நாளுக்கு நான்கு முறை, துளி விட்ட பாண் துண்டை அவனுக்குக் கொடுத்தேன். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் விறாந்தையில் அவன் பக்கத்தில் அமர்ந்து, கழுத்தைத் தடவி, மெதுவாகப் பேசினேன். அதற்கு முன்னம் அவன் நடுங்கினால் நானும் பதறுவேன், சில வேளை அதட்டியும் இருக்கிறேன். அதோடு அயல்வீட்டுப் பையன் தன் கைத்தொலைபேசியில் வெடிச்சத்தத்தை மிக மெல்லிய ஒலியில் போட, நான் அவித்த சூடை மீனைச் சிறிது சிறிதாகக் கொடுத்தேன். அவன் காது பின்னால் போனால் ஒலியை உடனே குறைப்போம். சாதாரணமாகத் தின்றால் மறுநாள் ஒரு படி கூட்டுவோம். இரண்டு மாதத்தில், சத்தம் கேட்டவுடன் மீன் எங்கே என்று என் கையைப் பார்க்கத் தொடங்கினான். துளி தீர்ந்து ஏழு வாரத்துக்குப் பிறகுதான் இந்த வருடப் பூங்காவனம் வந்தது. சாளரங்களை அடைத்து, வானொலியைப் போட்டு அவனோடு இருந்தேன். முதல் வெடிக்கு எழுந்து நின்றான். பிறகு என் காலடியில் படுத்துவிட்டான்.

நாய்க்கு மருந்தின் பெயர் தெரியாது. ஆகவே நம்பிக்கையால் குணமானது என்று அதற்குச் சொல்ல முடியாது என்பார்கள். ஆனால் கொடுக்கிறவருக்குத் தெரியுமே. வலிப்புள்ள நாய்களுக்கு மருந்துப்போலி கொடுத்த சோதனைகளிலும்கூட, வலிப்பு குறைந்ததாக வளர்ப்பவர்கள் பதிந்திருக்கிறார்கள். எனக்கும் அந்தத் துளிகள் கையை நிதானப்படுத்தின. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை, பிள்ளை. ஆனால் உன் பூனையின் சிறுநீர்ப்பையில் கல் இருந்தால், உன் கை நிதானப்படுவது மட்டும் அவனைக் காப்பாற்றாது.

பரிசோதனையில் நோய் ஒன்றும் இல்லையென்றால் இப்படிச் செய். ஒரு பூனைதானே என்று ஒரு தட்டோடு நிற்காதே. இரண்டு வை, அவற்றைச் சத்தமில்லாத வேறுவேறு இடங்களில் வை, தினமும் துப்புரவாக்கு, பழைய வீட்டில் பாவித்த அதே மணலை வாங்கு. அவன் படுத்த பழைய துணியைக் கழுவாமல் ஓர் அறையில் விரித்து, சில நாள் அந்த அறையிலேயே பழகவிடு. மெத்தையை நனைத்ததற்காக அதட்டாதே. பயந்த பூனை இன்னும் அதிகமாக நனைக்கும். இதற்குமேல் துளியும் கொடுக்க விரும்பினால் நான் தடுக்கவில்லை. பிரண்டி சேராததை மட்டும் வாங்கு. மனிதருக்கென்று விற்கும் இனிப்பு வில்லைகளில் சைலிற்றோல் என்ற இனிப்பூட்டி சேர்ந்திருக்கலாம், அது நாய்க்கு நஞ்சு. உன் தோழி நாயோடு வரும்போது மேசையில் அவை கிடக்கக் கூடாது. தேயிலை மரத் தைலம் போன்ற வாசனைத் தைலங்களை மலர் மருந்தென்று எண்ணிவிடாதே; அவை செறிவானவை, பூனைக்கு நஞ்சாகும். லில்லிப் பூங்கொத்தையும் வீட்டுக்குள் எடுக்காதே, அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

சிறுநீர்ப் பரிசோதனை முடிவு கிடைத்தவுடன் அழை. இங்கே விடியற்புறமாயிருந்தாலும் நான் எழுந்திருப்பேன். அம்மாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

அன்புடன்,
அப்பா