மெடிக்கல் கடை அண்ணாச்சிகளுக்கு: முயலுக்கு அமாக்சிசிலின் கொடுக்காதீர்கள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கும், கடையில் நின்று மருந்து எடுத்துத் தரும் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

போன ஆவணியில் எங்கள் வீட்டு முயல் செத்துப் போனது. ஒன்றரை வயது, வெள்ளை முயல். சீனி என்று என் மகள் பெயர் வைத்திருந்தாள். இரண்டு நாளாகத் தும்மல், மூக்கில் சளி. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தெருமுனை மெடிக்கலில் போய்ச் சொன்னேன். "சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறதுதாம்மா, ஒண்ணும் செய்யாது. காலையும் ராத்திரியும் ஒரு எம்எல் குடுங்க" என்று அமாக்சிசிலின் சிரப் தந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் தந்தார்கள். நான்தான் சிரிஞ்சில் எடுத்து ஊட்டினேன். இனிப்பாக இருந்ததால் சீனியும் நக்கி நக்கிக் குடித்தது.

மூன்றாம் நாள் புல்லைத் தொடவில்லை. நான்காம் நாள் வயிறு உப்பித் தண்ணியாகப் போக, கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிரப் பாட்டிலைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் விடியுமுன் மகள் மடியிலேயே அடங்கிவிட்டது.

அன்றைக்கு டாக்டர் சொன்னதை அப்படியே உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல். முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது. தின்ற புல்லை அங்கே இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள்தான் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அமாக்சிசிலின் வாய்வழி போனால் அவை செத்துவிடும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்கிற கெட்ட கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. ஆம்பிசிலின், செஃபாலெக்சின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் எல்லாமே வாய்வழி கொடுத்தால் இதே ஆபத்துதான். குழந்தைக்கு ஒத்துக்கொள்கிற மருந்து முயலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நான் நம்பியது தப்பு.

தும்மலுக்கு மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம் சேர்ந்த சல்பா மருந்து போன்றவற்றை முயலுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் எடை போட்டுப் பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும். காதிலும் மூக்கிலும் பொருக்குத் தட்டும் சொறிக்கு ஐவர்மெக்டின் நன்றாகக் கேட்கும். அதுவும் டாக்டர் போடும் ஊசியாக இருக்கட்டும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரே மட்டும் கூடவே கூடாது. முயலுக்கு வலிப்பு வந்துவிடும்.

அப்புறம், "வயிறு உப்பியிருக்கு, ஏதாவது கொடுங்க" என்று வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: என்ன தீனி போடுகிறீர்கள்? முக்கால்வாசிப் பேர் பிஸ்கட், சோறு, ரொட்டி, கேரட் என்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முயலின் தட்டில் பத்தில் எட்டுப் பங்கு புல்லாக இருக்க வேண்டும். வெளியூர்ப் புல்லைப் பாக்கெட்டில் விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நம் பக்கம் வரப்பெல்லாம் அருகம்புல்தான். மாடு வைத்திருப்பவர்களிடம் கோ-4 புல் கிடைக்கும். நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். பூச்சி மருந்து அடித்த வயலின் வரப்பை மட்டும் தொடாதீர்கள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்திலும் எப்போது அடித்தார்கள் என்று வயல்காரரைக் கேட்டுவிட்டே நான் அறுக்கிறேன். குதிரைமசால் என்கிற தீவனப் பயிர் குட்டிகளுக்கு நல்லது. வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டால் சுண்ணாம்புச் சத்து கூடி மூத்திரப்பையில் மணல் போலச் சேர்ந்துவிடும். கேரட் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு சின்ன வில்லை, அவ்வளவுதான். கடைத் தீவனம் முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம்.

புல் வயிற்றுக்கு மட்டும் இல்லை, பல்லுக்கும் வேண்டும். முயலின் முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. புல்லை அரைத்து அரைத்துத்தான் பல் தேய வேண்டும். தேயாத பல் கன்னத்தைக் குத்தும், முயல் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலே அது அவசரம்தான், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. இந்த விஷயம் தெரிந்திருந்தால் மூன்றாம் நாளே நான் ஓடியிருப்பேன்.

அண்ணாச்சி, அமாக்சிசிலின் மனிதர்களுக்கே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. முயலுக்கு என்று யாராவது வந்து நின்றால், "இது முயலைக் கொன்னுடும், இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி அனுப்புங்கள். சங்கரன்கோவில் ரோட்டில்தான் இருக்கிறது. ஒரு சிரப் விற்காமல் போனால் உங்களுக்கு நஷ்டம் பெரிதாக இருக்காது.

கடைக் கண்ணாடியில் ஒட்ட ஒரு சீட்டை என் மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். முயல் படமும் வரைந்திருக்கிறாள். வருகிற வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக வருகிறேன். ஒட்டுவதற்கு ஒரு சாண் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
சீனியின் வீட்டு அம்மா,
பாளையங்கோட்டை