பேரம் பேச வேண்டியது கொட்டேஷனின் கீழ்ப்பாதியில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் புது கார் வாங்குவோருக்கு யோசனை சொல்லும் கட்டுரை படித்தேன். இரண்டு மூன்று ஷோரூம் ஏறி இறங்குங்கள், கூச்சப்படாமல் தள்ளுபடி கேளுங்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் மேட், சீட் கவர், கார் கவர் எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்டு வாங்குங்கள் என்று அரைப் பக்கம் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மதுரையில் ஒரு ஷோரூமின் கணக்குப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். மேட்டுக்காக மல்லுக்கட்டும் ஆள் வந்தால் எங்கள் மேனேஜருக்குக் குஷி. அரை மணி நேரம் பிகு பண்ணிவிட்டுக் கொடுப்பார். வந்தவரும் ஜெயித்த சந்தோஷத்தில், ஆன்ரோடு விலையில், அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து நாம் கட்டும் மொத்தத் தொகையில், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்.

கொட்டேஷன் தாளின் உச்சியில் இருக்கும் எக்ஸ் ஷோரூம் விலை (ஆயுள் வரி, இன்சூரன்ஸ் சேர்வதற்கு முந்தைய விலை) கம்பெனி வைப்பது. கம்பெனி அறிவித்த ஆஃபருக்கு மேல் குறைப்பதென்றால் டீலர் தன் லாபத்திலிருந்துதான் குறைக்க வேண்டும், அதற்கு ஓர் எல்லை உண்டு. காசு ஒளிந்திருப்பது கீழே.

முதலில் இன்சூரன்ஸ். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம். 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையிலான காருக்கு, 2022இல் அரசு அறிவித்த கட்டணப்படி அது 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதே தொகைதான். நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியமும் பம்பர் டு பம்பர் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவது) போன்ற கூடுதல் கவர்களும்தான் இடத்துக்கு இடம் மாறும். அதே ஐடிவி (காப்பீட்டுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே கவர், வெளியில் பத்தாயிரம் குறைவு என்கிற கதையை எத்தனையோ ஃபைல்களில் பார்த்திருக்கிறேன். "எங்களிடம் எடுத்தால்தான் கேஷ்லெஸ் கிடைக்கும்" என்று பயமுறுத்துவார்கள். கேஷ்லெஸ் என்பது, ரிப்பேர் பில்லை நாம் கட்டாமல் இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது; அது அந்தக் கம்பெனிக்கும் வொர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஏற்பாடு. பாலிசியை யார் மூலம் எடுத்தீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியில் வாங்கிய கொட்டேஷனை போனில் காட்டுங்கள், பெரும்பாலும் அந்த மேஜையிலேயே விலை இறங்கும். ஒன்றே ஒன்று: இன்சூரன்ஸ் வேண்டாம் என்றதும் தள்ளுபடியைக் குறைக்கப் பார்ப்பார்கள். அதனால் தள்ளுபடியை முதலில் எழுத்தில் வாங்கிவிட்டு அப்புறம் இந்தப் பேச்சை எடுங்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்று சில ஆயிரம் போட்டிருப்பார்கள். குடோனிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து கழுவித் துடைத்து நிறுத்துவது டீலரின் வேலை. "இதற்குத் தனி ரசீது கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், எழுதிய பேனாவாலேயே அடித்துவிடுவார்கள்.

கட்டுரையில் ஆயுள் வரியைப் பற்றி, அதாவது வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரியைப் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கார் விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் காருக்கு 1,80,900. பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்து மேல் வேரியன்ட் எடுப்பதாக நினைப்பவர் உண்மையில் அறுபதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறார். பத்து லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பணம்) ஒரு சதவீதமும் பிடிப்பார்கள். அது போகட்டும், வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். நிறையப் பேர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எப்போது வாங்குவது? ஆடியில் ஆள் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் மார்கழி அதைவிட நல்லது. டிசம்பர் ஸ்டாக்கைத் தள்ள டீலர் தவிக்கும் நேரத்தில் நம் ஆட்கள் தை பிறக்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஆயுத பூஜைக்கே டெலிவரி வேண்டும் என்று நிற்பவருக்கு யாரும் இறங்கி வரமாட்டார்கள். டிசம்பரில் எடுத்தால் ஆர்.சி.யில் உற்பத்தி ஆண்டு பழையதாகவே நிற்கும், மூன்று வருஷத்தில் விற்பவருக்கு அது நஷ்டம். பத்து வருஷம் ஓட்டப்போகிறவருக்கு என்ன கவலை? வண்டி எந்த மாதம் தயாரானது என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சேஸிஸ் நம்பரை (ஒவ்வொரு வண்டியிலும் பொறித்திருக்கும் தனி அடையாள எண்) வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன் வண்டியை நேரில் பார்த்து ஒப்பிடுங்கள். ஆர்.டி.ஓ. நம்பர் விழுந்த பிறகு வேறு வண்டி கேட்டால் மாற்றித் தரமாட்டார்கள்.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை போடும்போது, உண்மையான கொட்டேஷன் தாள் ஒன்றை ஷோரூம் பெயரை மறைத்து அப்படியே அச்சிடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை